பாரபட்சமற்ற மதிப்பீட்டாளர்

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வங்கியிலிருந்து வீட்டுக்கு வந்த நான்காவது மாதம், பக்தவத்சலம் குக்கர் விசில்களை நோட்டில் குறித்துவைக்க ஆரம்பித்தார். சாதத்துக்கு நான்கு விசில் என்று ஊரெல்லாம் சொல்கிறதே தவிர, நடைமுறையில் மூன்றிலேயே அடுப்பு அணைக்கப்படுகிறது என்பது அவருடைய முதல் கண்டுபிடிப்பு. அவர் மனைவி சியாமளா மூன்று நாள் பொறுத்தாள். நான்காம் நாள் நோட்டைப் பிடுங்கிப் பரண்மேல் எறிந்துவிட்டு, "எங்கனா போய் நாலு பேருக்கு உபகாரம் பண்ணுங்க. வூட்ல குந்திக்கினு என் உசுர வாங்காதீங்க" என்றாள்.

நம் நாட்டில் சமூக சேவை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

அது 2002. செங்கல்பட்டில் மாலைக்கதிர் முதியோர் நல நிதியம் என்று ஒன்று இருந்தது. முதியோருக்காக வேலை செய்யும் சின்னச் சின்ன அமைப்புகள் அங்கே விண்ணப்பம் போடும். நிதியம் அவற்றில் சிலவற்றுக்குப் பணம் கொடுக்கும். விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடச் சம்பளமில்லாத மதிப்பீட்டாளர்கள் தேவை என்று நாளிதழில் விளம்பரம் வந்தது. பக்தவத்சலம் இருபத்தெட்டு வருடம் கடன் விண்ணப்பங்களைப் படித்தவர். அதைவிடப் பெரிய தகுதி ஒன்று கூடுவாஞ்சேரியில் அவர் வீட்டு முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தது. அது அவருடைய அப்பா தர்மராஜ். வயது எண்பத்திரண்டு.

தர்மராஜ் செங்கல்பட்டு–மாமல்லபுரம் தடத்தில் தனியார் பஸ்ஸில் முப்பத்தாறு வருடம் கண்டக்டராக இருந்தவர். குரல் இன்னமும் கடைசி சீட்டுவரை எட்டும். கால்தான் குளியலறைவரை எட்டாது. தினமும் காலையில் பக்தவத்சலம் அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போவார், முதுகு தேய்த்துவிடுவார், வெள்ளிக்கிழமை தவறாமல் நகம் வெட்டுவார். அதைச் சலிப்பில்லாமல் செய்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிதியத்தின் விண்ணப்பத்தில் 'அனுபவம்' என்ற கட்டத்தில் இதையெல்லாம் விவரமாக எழுதினார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

நேர்காணலுக்கு ஷாரோன் என்ற பெண் இருந்தாள். திட்ட அலுவலர். இருபத்தாறு வயது, மிகுந்த மரியாதை. "சார், உங்க அப்ளிகேஷன் ரொம்ப நல்லா இருக்கு. ஒரே ஒரு சின்ன சிக்கல். உங்க வீட்ல ஒரு முதியவர் இருக்காரு."

"ஆமாம்மா. அதனாலதான் நான் வந்ததே."

"அதனாலதான் சார் சிக்கலே. முதியோருக்கான நிதிய நீங்க பிரிச்சுக் குடுக்கப் போறீங்க. வீட்டுக்குள்ளயே ஒரு முதியவர வெச்சுக்கிட்டா பாரபட்சம் வந்துடும் இல்லையா?" அவள் விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். விதி ஏழு: 'மதிப்பீட்டாளர் எவரும் அறுபது வயதுக்கு மேற்பட்டவருடன் வசிக்கவோ, அத்தகையவரைப் பராமரிக்கவோ, பராமரிக்கும் எண்ணம் கொண்டிருக்கவோ கூடாது.'

"அவரு யார்கிட்டயும் நிதி கேக்க மாட்டாரும்மா. ரேடியோவுக்கு பேட்டரி கேப்பாரு, அவ்ளோதான்."

"இன்னிக்கு பேட்டரி சார்" என்றாள் ஷாரோன், உண்மையான கவலையுடன்.

அப்போதே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் மேசைமேல் ஒரு அட்டை இருந்தது. அவருடைய புகைப்படம் ஒட்டி, 'மதிப்பிற்குரிய மதிப்பீட்டாளர்' என்று அச்சடித்து, கழுத்தில் மாட்ட நீலப் பட்டியுடன் தயாராக இருந்தது. நான்கு மாதமாக அவரை 'சார்' என்று கூப்பிட்டது சிலிண்டர் போட வந்தவன் மட்டும்தான், அவனும் சில்லறைக்காக. பக்தவத்சலம் அட்டையைப் பார்த்தார். மதிப்பீடு முடிய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். நாற்பத்தைந்து நாள் என்றாள் ஷாரோன்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நாப்பத்தஞ்சே நாள்தாம்பா. கடற்கரை பக்கம் நல்ல இல்லம் ஒண்ணு கீதாம். மாமல்லபுரம் தாண்டி. நல்ல காத்து."

தர்மராஜ் ரேடியோவை அணைத்தார். "இன்னாத்துக்கு?"

"ஒரு சேவைப்பா. முதியோருக்கோசரம்."

"முதியோருக்கோசரம் என்னிய வூட்ட வுட்டு அனுப்புற."

"ஆமாம்பா."

"அப்ப நான் யாருடா?"

இந்தக் கேள்விக்கு விதிப் புத்தகத்தில் பதில் இல்லை. சியாமளா சமையலறையிலிருந்து வந்து கேட்ட கேள்விகளுக்கும் இல்லை. "ஒரு அட்டைய கழுத்துல மாட்டிக்கறதுக்கு பெத்த அப்பன கொண்டுபோய் வுடுவாங்களா? உபகாரம் பண்ணுங்கன்னுதான் சொன்னேன், இந்த மாதிரி அக்கிரமம் பண்ணச் சொன்னனா?" என்று அவள் போட்ட சத்தம் ஜி.எஸ்.டி. ரோடுவரை கேட்டிருக்கும். கடைசியில் சமாதானம் செய்தவர் தர்மராஜ்தான். "வுடும்மா. புள்ள ஆசப்படுறான். நாப்பத்தஞ்சு நாள்தான, ஸ்பெசல் டூட்டின்னு நெனச்சிக்கறேன்" என்றார். தன் துண்டையும் ரேடியோவையும் தானே ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்.

இல்லத்தின் பதிவேட்டில் மகன் என்று பக்தவத்சலத்தின் பெயர் ஏறினால் 'பராமரிக்கும் எண்ணம்' ருசுவாகிவிடும். அதனால் சியாமளாவின் தம்பி பூபாலன் கூட்டிப்போனான். புதுப்பட்டினத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். 'தெரிந்த பெரியவர்' என்று எழுதி, மாதப் பணத்தைக் கட்டி, கருணைக்கரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு வந்தான்.

மறுநாளே ஷாரோன் வீட்டைச் சோதிக்க வந்தாள். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். முன்னறையில் நின்று மூச்சை இழுத்து, "தைல வாசனை வருதே சார்?" என்றாள்.

"எனக்கு மூட்டு வலி" என்றாள் சியாமளா.

"உங்களுக்கு வயசு என்ன மேடம்?"

"அம்பத்தொண்ணு."

ஷாரோன் மனதுக்குள் கணக்குப் போட்டு, "இன்னும் ஒம்பது வருஷம் இருக்கு, பரவால்ல" என்று எழுதிக்கொண்டாள்.

பயிற்சி முகாம் மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு விடுதியின் குளிரூட்டப்பட்ட அரங்கில் நடந்தது. பன்னிரண்டு மதிப்பீட்டாளர்கள். பக்கத்து நாற்காலியில் வரலட்சுமி என்ற ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. வயது ஐம்பத்தெட்டு. அம்மாவை முந்தாநாள்தான் கடப்பாக்கத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்ததாக அந்த அம்மாள் காதோடு காதாகச் சொன்னார். அந்தப் பக்கம் இருந்தவர் மாமனார், மாமியார் இருவரையும் காசிக்கு அனுப்பியிருந்தார். திரும்பும் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லையாம். விசாரித்துப் பார்த்ததில், முதியோர் நலனுக்காக அந்த ஒரு வாரத்தில் செங்கல்பட்டு சுற்றுவட்டாரத்தில் பதினான்கு முதியோர் வீட்டைவிட்டுக் கிளப்பப்பட்டிருந்தார்கள்.

நிதியத்தின் தலைமை ஒருங்கிணைப்பாளர் வாசுதேவன் மேடையேறினார். வெள்ளைக் கதர், தங்கப் பிரேம் கண்ணாடி.

"நண்பர்களே! முதியோரை நேசிப்பவர்கள் நமக்கு வேண்டாம். நேசம் என்பது என்ன? ஒரு பக்கம் சாய்வது. சாய்ந்த தராசில் எதை நிறுத்தாலும் தவறுதான். நான் பதினோரு ஆண்டுகளாக முதியோருக்காகவே வாழ்கிறேன். முதியோர் பற்றிப் பேச ஒன்பது நாடுகளுக்குப் போயிருக்கிறேன். இந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒரே ஒரு முதியவரிடம்கூட நான் நேரில் பேசியதில்லை. என் தந்தையின் கடைசி நாட்களில்கூட நான் ஜெனிவாவில்தான் இருந்தேன். இந்த நடுநிலையைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன்!"

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. அடுத்து முதுமையை அனுபவிக்கும் பயிற்சி. எல்லோர் காதிலும் பஞ்சு, கண்ணுக்குப் புகைபடிந்த கண்ணாடி, முழங்காலில் இறுக்கிக் கட்டிய துணி. பத்து நிமிடம் அரங்கைச் சுற்றி நடக்க வேண்டும். வரலட்சுமி அம்மாள் நான்கடி நடந்துவிட்டு, "ஐயோ, வயசானவங்க பாவம்" என்று தேம்பித் தேம்பி அழுதார். அவருக்கு ஈடுபாட்டுக்கான சிறப்புப் பரிசாக ஒரு சுடுநீர்க் குடுவை கொடுத்தார்கள்.

மதிப்பெண் போடும் வேலை மூன்று வாரம் நடந்தது. மொத்தம் நூறு. அதில் விண்ணப்பத்தோடு இணைத்த புகைப்படத்துக்கே இருபது. முதியவர் புன்னகைக்க வேண்டும். பல் தெரிந்தால் பத்து, பொக்கை வாய் என்றால் இருபது. 'புதுமை'க்கு இன்னொரு இருபத்தைந்து. மீனவர் குப்பம் ஒன்றில் இருபது கிழவிகளுக்கு மதியக் கஞ்சி ஊற்றும் குழு ஒன்றின் விண்ணப்பத்துக்கு பக்தவத்சலம் எண்பது போட்டிருந்தார். ஷாரோன் சங்கடத்தோடு திருப்பிக் கொண்டுவந்தாள்.

"சார், புதுமைக்கு இருவத்து ரெண்டு போட்டுருக்கீங்க. பசி ஒண்ணும் புதுப் பிரச்சினை இல்லையே சார்."

"கஞ்சி ஊத்தறாங்களேம்மா."

"எல்லாரும் ஊத்தறதுதான சார். இதப் பாருங்க, எண்பது வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு ஈமெயில் கத்துத் தரப் போறாங்களாம். இது புதுமை."

"யாருக்கு ஈமெயில் அனுப்புவாங்க?"

"அது ரெண்டாம் கட்டம் சார்."

கஞ்சி ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கப் பணம் கேட்ட ஓர் இல்லம், 'இரும்புச் சாமான்' என்று முதல் சுற்றிலேயே தள்ளப்பட்டது. பக்தவத்சலம் அப்பாவின் ஈர முதுகை நினைத்துக்கொண்டு ஒருமுறை எதிர்த்துப் பேசப் பார்த்தார். "இதுல உங்களுக்கு ஏதாவது சொந்த அனுபவம் இருக்கா சார்?" என்று ஷாரோன் கேட்டாள். இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவைப் போய்ப் பார்க்க முடியாது. போனால் எண்ணம். பூபாலன்தான் வாரத்துக்கு ஒருமுறை போனில் சொல்வான். "பெருசு நல்லாதான் கீறாரு மாமா. மொதல்ல உங்கள கேட்டுக்கினே இருந்தாரு. இப்ப கேக்கறத நிறுத்திட்டாரு. பழகிட்டாரு போல."

முப்பத்தெட்டாம் நாள் கள ஆய்வு. யார் எந்த அமைப்புக்குப் போக வேண்டும் என்பதை வண்டி கிளம்பிய பிறகுதான் உறையைக் கிழித்துப் பார்க்க வேண்டும், அதுவும் நடுநிலைக்காக. பக்தவத்சலம் கிழித்தார். 'கருணைக்கரை முதியோர் இல்லம்' என்று இருந்தது.

"வேற யாரையாவது அனுப்பலாமாம்மா?"

"ஏன் சார், அங்க யாரையாவது தெரியுமா? தெரிஞ்சா தாராளமா சொல்லுங்க சார். உங்கள நீக்கிட்டு, அவங்க விண்ணப்பத்தையும் தள்ளுபடி பண்ணிடலாம். ஒண்ணும் கஷ்டமில்ல."

வண்டி கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. அட்டை கழுத்தில் கனத்தது. "யாரையும் தெரியாது" என்றார் பக்தவத்சலம்.

இல்லத்தின் மேலாளர் ஆபிரகாம் வாசலில் மாலையோடு நின்றார். முப்பத்து மூன்று முதியோர், இரண்டு ஆயாக்கள், ஒழுகும் கூரை. அந்த மனிதர் தன் வீட்டை அடகு வைத்துத்தான் ஒரு வருடமாக அடுப்பெரிக்கிறார் என்று ஆயா ஒருத்தி சொன்னாள். நிதி கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் பூட்டிவிட வேண்டியதுதான். குலுக்கல் முறையில் ஒரு முதியவரைத் தேர்ந்தெடுத்துப் பேட்டி எடுக்க வேண்டும் என்பது விதி. ஷாரோன் சீட்டை எடுத்தாள். பத்தொன்பதாம் எண்.

"நம்ம தர்மராஜு! நல்லா பேசுவாரு சார்" என்று ஆபிரகாம் மகிழ்ந்துபோய்க் கூட்டிவந்தார்.

தர்மராஜ் இளைத்திருந்தார். நகங்கள் வளர்ந்திருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து எதிரில் இருந்தவரை ஏற இறங்கப் பார்த்தார், கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்து, வாய் திறந்தது. பக்தவத்சலம் சட்டென்று காகிதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"உங்க பேரு?"

தர்மராஜ் வாயை மூடினார். துண்டைச் சரிசெய்துகொண்டு, "தர்மராஜு" என்றார்.

"வயசு?"

"எம்பத்தி ரெண்டுன்னு சொல்லிக்கறாங்க."

"என்ன தொழில் செஞ்சீங்க?"

"கண்டக்டரு சார். முப்பத்தாறு வருசம். டிக்கெட்டுக்கு காசில்லாதவனக்கூட நட்ட நடு ரோட்ல எறக்கி வுட்டதில்ல."

ஷாரோன் கையில் நிறுத்துக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முதியவருக்கு ஏழு நிமிடம். "நாலாவது கேள்வி சார்" என்று நினைவூட்டினாள்.

நாலாவது கேள்வி, 'உறவினர் உண்டா?' பக்தவத்சலம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். ஷாரோனே கேட்டாள். "தாத்தா, உங்களுக்கு மகன், மக, சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

தர்மராஜ் எதிரில் இருந்தவரின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே, "இல்லம்மா" என்றார்.

"யாருமே இல்லையா?"

"இல்லம்மா. யாரும் இல்ல."

பக்தவத்சலம் பேனாவைக் காகிதத்துக்கு மேலே பிடித்தபடி இருந்தார். பிறகு 'இல்லை' என்று எழுதினார். ஐந்தாவது கேள்வி, உணவின் தரம்.

வெளியே வந்ததும் ஆபிரகாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காரணம் இதுதான்: மூன்றில் ஒருவராவது ஆதரவற்றவராக இருக்கும் இல்லத்துக்குப் பதினைந்து மதிப்பெண் கூடுதல். முப்பத்து மூன்று பேரில் இதுவரை பத்துப் பேர்தான் ஆதரவற்றோர். தர்மராஜோடு பதினொன்று.

கருணைக்கரைக்கு நிதி கிடைத்தது. பரிசளிப்பு விழாவில் வாசுதேவன் பக்தவத்சலத்துக்குச் சால்வை போர்த்தி, 'ஆண்டின் பாரபட்சமற்ற மதிப்பீட்டாளர்' என்று பொறித்த கேடயத்தைக் கொடுத்தார். "இந்த மனிதரைப் பாருங்கள்! ஒரு முதியவரைப் பேட்டி எடுக்கும்போது அவர் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்று நமது திட்ட அலுவலர் குறிப்பு எழுதியிருக்கிறார். நான் பதினோரு ஆண்டுகளாகச் சொல்லிவருவதை இவர் ஏழு நிமிடத்தில் செய்து காட்டிவிட்டார்!"

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே பக்தவத்சலம் கிளம்பினார். சியாமளா கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு, மாமனாருக்குப் பிடித்த வஞ்சிர மீன் வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருந்தாள். கருணைக்கரையில் ஆபிரகாம் ஓடிவந்து வரவேற்றார். பக்தவத்சலம் விஷயத்தைச் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல்.

ஆபிரகாம் அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். 'உறவினர் எவரும் இல்லை என நேரில் விசாரித்து உறுதி செய்தவர்: பக்தவத்சலம்.'

"பூபாலன கூட்டி வரேன். அவன்தான சேத்தான்."

"தனக்கும் பெரியவருக்கும் சம்பந்தமில்லன்னு அவரு எழுதிக் குடுத்துட்டாரு சார். இனிமே பணம் கட்ட வேணாம்னு சொன்னோம், சந்தோசமா கையெழுத்து போட்டுட்டு போயிட்டாரு. ஆதரவற்றோர் பட்டியல்ல ஏறிட்டா ரத்த சொந்தம் வந்தாதான் அனுப்ப முடியும். அந்தச் சொந்தத்த பெரியவரே வாயால ஒத்துக்கணும். நிதியத்தோட விதி." அவர் தயங்கினார். "அவரு ஒத்துக்கிட்டா நான் தடுக்க மாட்டேன் சார். பதினொண்ணு பத்தாயிடும், நிதி நின்னுடும். ஆனா அப்பாவையும் புள்ளையையும் பிரிச்சு எனக்கு சோறு வேணாம். கூப்புடறேன், நீங்களே கேளுங்க."

ஆயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தர்மராஜ் வந்தார். பக்தவத்சலம் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

"அப்பா, வாப்பா. வூட்டுக்கு போலாம்."

தர்மராஜ் கையை விடுவித்துக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை, நெரிசலில் யாரோ தெரியாமல் பிடித்த கையை விலக்குவதுபோல.

"தாத்தா, இவர தெரியுதா?" என்றார் ஆபிரகாம்.

"தெரியாம இன்னா? எழுதிக்கினு போக வந்த ஆபீசரு."

"அப்பா, என்னா பேச்சு இது? அன்னிக்கு நீதான யாரும் இல்லன்னு சொன்ன?"

"நான்தான் சொன்னேன். ஒனக்கோசரம் சொன்னேன். அட்டைய புடுங்கிடப் போறாங்களேன்னு சொன்னேன்." கண்டக்டரின் குரல் முதல் முறையாக உடைந்தது. "சொல்லிட்டு ஒன் கையவே பாத்துக்கினு இருந்தேன்டா. பேனாவ கீழ வெச்சுட்டு, 'நான் கீறேன்பா'ன்னு நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ எழுதிட்ட. எழுதிட்டு, சாப்பாடு நல்லா கீதான்னு கேட்ட."

பக்தவத்சலம் வாய்விட்டு அழுதார்.

தர்மராஜ் ஆபிரகாம் பக்கம் திரும்பினார். "எனக்கு யாரும் இல்ல சார். எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். நான் வூட்டுக்கு பூட்டா இங்க இருக்கறவங்க கஞ்சிக்கு இன்னா பண்ணுவாங்க?" ஆயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார். பின்னால் ஓடிப் பிடிக்க நேரம் இருந்தது.

வெகுநேரம் கழித்து ஆபிரகாம் வருகைப் பதிவேட்டை அவர் முன் நகர்த்தினார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிக்கோங்க சார். வந்தவங்க கட்டாயம் எழுதணும். வந்த நோக்கம்னு கட்டம் இருக்கு பாருங்க, அதுல மட்டும் அப்பான்னு எழுதிடாதீங்க. ஆடிட்டுக்கு வர்றவங்க மொதல்ல அததான் பாப்பாங்க. முப்பத்து மூணு பேர் சார்."

பக்தவத்சலம் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து, 'ஆய்வு' என்று எழுதினார்.